முக்கால் ஸ்கொயர் ஒயரின் கதை

உங்கள் வீட்டு டி.வி.க்குப் பின்னாலோ, சமையல் மேடையின் ஓரத்திலோ ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்கும். அதன் ஒயரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். உறையின் மேல் பொடி எழுத்தில் ஏதோ அச்சிட்டிருப்பார்கள். அதில் 3 × 0.75 என்றோ 2 × 0.5 என்றோ எண்கள் இருந்தால், முதல் எண் உள்ளே எத்தனை கம்பிகள் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எண், ஒவ்வொரு கம்பியிலும் உள்ள செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். கடையில் ‘முக்கால் ஸ்கொயர்’, ‘ஒன்றரை ஸ்கொயர்’ என்று கேட்கிறோமே, அது இந்த எண்தான். எதுவுமே அச்சிடாத ஒயரும் சந்தையில் உண்டு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்த எண்ணுக்கும், அந்த பாக்ஸில் நீங்கள் எதைச் சொருகலாம் என்பதற்கும் உள்ள உறவைக் கண்டுபிடிக்கச் சில தீ விபத்துகளும், இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் கவலையும், ஓர் உலகப் போரும் தேவைப்பட்டன. கதை 1880களின் தொடக்கத்தில், நியூயார்க்கில் தொடங்குகிறது.

அப்போது மின்விளக்கு என்பது பெரும் பணக்காரர்களின் விளையாட்டு. வங்கியாளர் ஜே.பி. மார்கன், மேடிசன் அவென்யூவில் இருந்த தன் வீட்டுக்கு 1882-ல் எடிசனின் விளக்குகளைப் போட்டுக்கொண்டார். ஊருக்கு மின்சாரம் தரும் நிலையம் அவர் பகுதிக்கு வரவில்லை என்பதால் வீட்டுக்கென்றே தனி இன்ஜினும் டைனமோவும் வைத்தார்கள். அதை ஓட்ட ஓர் ஆள். அவர் வேலை முடிந்து கிளம்பினால் விளக்கும் அணைந்துவிடும். மார்கனுக்குத் தன் படிப்பறை மேசையில் ஒரு விளக்கு வேண்டும் என்று ஆசை. மேசை நடு அறையில் இருக்கிறது, சுவர் தூரத்தில் இருக்கிறது. கம்பியைத் தரைவிரிப்புக்கு அடியில் கொண்டுபோய் மேசைக்கு இணைப்புக் கொடுத்தார்கள். ஒரு நாள் அங்கே தீப்பிடித்து மேசையும் விரிப்பும் கருகின. எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் நேரில் வந்து, தங்கள் செலவிலேயே எல்லாவற்றையும் மாற்றித் தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மார்கன் மின்சாரத்தை விடவில்லை என்பது வேறு கதை.

கவனித்தீர்களா? சுவருக்குள் போன கம்பியில் அல்ல, சுவரிலிருந்து மேசைக்குப் போன கம்பியில்தான் வினை வந்தது. கட்டடத்தின் வயரிங் ஒரு முறை போட்டால் யாரும் தொடுவதில்லை. வளைத்து, இழுத்து, மிதித்து, நாற்காலிக் காலில் நசுக்கி நாம் பயன்படுத்துவது அந்தக் கடைசி மூன்று மீட்டரைத்தான். அன்றிலிருந்து இன்று வரை மின்சாரத்தின் பலவீனமான இடம் அதுதான்.

எடிசனுக்குக் கம்பி சூடாகும் என்பது தெரியாமல் இல்லை. மின்னோட்டம் அளவுக்கு மீறினால் தானே உருகி அறுந்துவிடும் ஒரு மெல்லிய கம்பித்துண்டுக்கு, அதாவது இன்று நாம் ஃபியூஸ் என்று சொல்வதற்கு, 1880-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் எவ்வளவு தடிமனான கம்பிக்கு எவ்வளவு கரண்ட் என்று ஊருக்குப் பொதுவான விதி எதுவும் இல்லை. ஒவ்வொருவரும் தன் கணக்குப்படி போட்டார்கள்.

முதலில் பயந்தவர்கள் இன்ஷூரன்ஸ்காரர்கள். வீடு எரிந்தால் பணம் தர வேண்டியவர்கள் அவர்கள்தானே! லண்டனில் ஃபீனிக்ஸ் தீக்காப்பீட்டு நிறுவனத்தின் பொறியாளர் மஸ்கிரேவ் ஹீஃபி 1882-ல் ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டார். அதே ஆண்டு அங்கிருந்த தந்திப் பொறியாளர், மின்னியலாளர் சங்கமும் மின்விளக்கால் வரும் தீயைத் தடுக்க ஒரு விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. சில பக்கங்கள்தான். இன்று பிரிட்டனில் நடைமுறையில் உள்ள தடித்த வயரிங் விதிப் புத்தகத்துக்கு அந்தச் சில பக்கங்கள்தான் முதல் பதிப்பு.

அந்த 1882 விதிகளில் இரண்டு கருத்துகள் உண்டு. ஒன்று, கம்பியின் தடிமன் அது சுமக்கும் கரண்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பிக்கு மாறும் இடத்தில் ஃபியூஸ் வேண்டும். கம்பியின் வெப்பம் 150 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. இரண்டாவது இன்னும் எளிமையானது: வழக்கமான பயன்பாட்டிலேயே கம்பி தொட்டுணரும்படி சூடானால், அது செய்யும் வேலைக்குச் சிறியது என்று அர்த்தம், தடித்ததாக மாற்று. மீட்டரும் வேண்டாம், கணக்கும் வேண்டாம், கை போதும். நூற்று நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் இதைவிட நல்ல வீட்டுச் சோதனை வரவில்லை என்பது என் அபிப்பிராயம். சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கை உருவிய பின் ஒயரைத் தொட்டுப் பாருங்கள் என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

கம்பி ஏன் சூடாகிறது என்பதை ஜேம்ஸ் ஜூல் அதற்கு நாற்பது ஆண்டு முன்பே அளந்து காட்டியிருந்தார். மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் மதுபானம் காய்ச்சும் தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளை. தண்ணீரில் கம்பிச் சுருளை முக்கி, கரண்ட் விட்டு, தெர்மாமீட்டரால் வெப்பத்தைக் குறித்தார். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. 1841-ல் இதை வெளியிட்டார். இந்த வர்க்கக் கணக்குதான் நம்மை ஏமாற்றுகிறது. ‘கொஞ்சம் கூடத்தானே போகிறது’ என்று நாம் நினைக்கும்போது, சூடு கொஞ்சமாகக் கூடுவதில்லை.

ஓர் உதாரணம். முக்கால் ஸ்கொயர் செம்பு ஒயரில் 6 ஆம்பியர் ஓடினால், போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் சேர்ந்து ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 2 வாட் சூட்டை வெளிவிடும். தொட்டால் சட்டென்று தெரியாது. அதே ஒயரில் ஒரு 1000 வாட் அயர்ன் பாக்ஸையும் 1500 வாட் கெட்டிலையும் ஒன்றாகப் போடுங்கள். இரண்டும் சேர்ந்து 2500 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 10.9 ஆம்பியர். கரண்ட் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. ஆனால் சூடு மீட்டருக்கு 6 வாட்டைத் தாண்டிவிட்டது. பத்து மீட்டர் ஒயர் என்றால் 60 வாட்டுக்கு மேல். பழைய 60 வாட் குண்டு பல்பை எரியவிட்டுத் துணிக்குள் சுற்றி வைத்ததைப் போல! இதே 10.9 ஆம்பியரை இரண்டரை ஸ்கொயர் ஒயரில் விட்டால் மறுபடியும் மீட்டருக்கு 2 வாட்தான். தடிமனின் மதிப்பு இதுதான்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். ஒயர் ‘தாங்கவில்லை’ என்றால் செம்பு தாங்கவில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். உங்கள் அயர்ன் பாக்ஸும் கெட்டிலும் சேர்ந்து அதை ஒன்றும் செய்துவிட முடியாது. தாங்காமல் போவது செம்பு அல்ல, அதன் சட்டை. சாதாரண பி.வி.சி. உறைக்கு எல்லை 70 டிகிரி. ஒயரின் ஆம்பியர் என்பது உண்மையில் அதன் உறையின் பொறுமை. அதனால் ஒயரின் வரலாறு என்பது பெரும்பாலும் உறையின் வரலாறுதான்.

முதலில் வந்தது கட்டா பெர்ச்சா. மலாயா காட்டு மரத்தின் பால். கடலுக்கடியில் போன தந்திக் கம்பிகளுக்கு அருமையாக ஒத்துழைத்தது, ஏனென்றால் கடலடி குளிர்ச்சியானது. வீட்டுக்குள் சூடு பட்டால் இளகிவிடும். அடுத்து, கந்தகம் சேர்த்துப் பக்குவப்படுத்திய ரப்பர். கந்தகம் செம்பை அரிக்கும் என்பதால் செம்புக் கம்பிக்கு வெள்ளீயம் பூசினார்கள். ரப்பருக்கு மேல் பருத்தி நூலிலோ பட்டு நூலிலோ பின்னல் போட்டு, இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி விட்டார்கள். பழைய வீடுகளில் கூரையிலிருந்து விளக்கு தொங்கிய அந்த முறுக்குக் கயிறு ஒயரை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். இருபதாம் நூற்றாண்டில் அந்த ரப்பரில் பெரும்பங்கு மலாயா தோட்டங்களிலிருந்து போனது. அங்கே விடியற்காலையில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்களிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். தங்கள் குடிசைகளில் மின்சாரம் இல்லாத காலத்தில் அவர்கள் வெட்டிய பால், லண்டன் வீடுகளின் விளக்குக் கயிறானது.

ரப்பரின் குறை, அது சூட்டில் மூப்படையும். வருடக்கணக்கில் இளஞ்சூடு பட்டால் இறுகி, வெடித்து, தொட்டால் உதிரும். வெளியே பின்னல் அழகாக இருக்கும். உள்ளே ரப்பர் பொடியாகியிருக்கும். அமெரிக்காவில் வால்டோ செமன் 1926-ல் பி.வி.சி.யை வளையும்படி செய்யும் வழியைக் கண்டார். 1942-ல் மலாயா ஜப்பான் கைக்குப் போய் ரப்பர் கிடைக்காமல் போனதும் மாற்று உறைகளுக்கு அவசரம் வந்தது. போருக்குப் பின் மெல்ல மெல்ல வீட்டு ஒயர்கள் எல்லாம் பி.வி.சி. ஆயின. ஓர் இடத்தில் மட்டும் நூல் பின்னல் தாக்குப்பிடித்து நிற்கிறது. உங்கள் அயர்ன் பாக்ஸ் ஒயரைப் பாருங்கள். சூடான தகட்டில் தவறிப் பட்டால் பி.வி.சி. உருகி ஒட்டிக்கொள்ளும் என்பதால், நல்ல அயர்ன் பாக்ஸில் இன்றும் ரப்பரும் மேலே நூல் பின்னலும்தான். அந்த ஒயர் போய்விட்டால் சாதாரண ஒயரைப் போட்டுத் தரும் ரிப்பேர்காரரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

எந்தத் தடிமனுக்கு எத்தனை ஆம்பியர் என்ற பட்டியலுக்கு வருவோம். தொடக்கத்தில் ஒரு மோட்டாக் கணக்கு ஓடியது: செம்பின் ஒரு சதுர அங்குலத்துக்கு 1000 ஆம்பியர். நம் அளவில் சொன்னால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒன்றரை ஆம்பியர். எளிய கணக்கு, ஆனால் தவறான கணக்கு. சூடு உண்டாவது கம்பியின் உள்ளே; வெளியேறுவது மேற்பரப்பு வழியாக. மெல்லிய கம்பிக்கு உடலைவிடத் தோல் அதிகம், அதனால் சீக்கிரம் ஆறும். தடித்த கம்பிக்கு அந்த வசதி இல்லை. பரப்பு இரண்டு மடங்கானால் ஆம்பியரும் இரண்டு மடங்காகும் என்று எண்ண முடியாது.

இதை உட்கார்ந்து அளந்தவர்களில் ஒருவர் ஆர்தர் கென்னலி. 1889 வாக்கில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில், வெவ்வேறு தடிமன் கம்பிகளை வெவ்வேறு சூழலில் வைத்து, எவ்வளவு கரண்டுக்கு எவ்வளவு சூடாகின்றன என்று பட்டியல் போட்டார். திறந்த வெளியில் இருக்கும் கம்பி வேறு, மரப்பட்டைக்குள் மூடிய கம்பி வேறு என்பதெல்லாம் இந்த மாதிரி அளவீடுகளால்தான் எண்ணாக மாறியது. அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பு 1897-ல் வந்தபோது அதற்குப் பின்னால் இத்தகைய உழைப்பு இருந்தது. கென்னலி பிறந்தது நம் பம்பாயில், கொலாபாவில், 1861-ல். இந்த விஷயத்துக்கு அது அவசியமில்லைதான். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஒயரின் பெயரும் மாறிக்கொண்டே வந்தது. வயதான எலக்ட்ரீஷியன்கள் இன்னும் ‘மூணு இருபது’, ‘ஏழு இருபது’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மூன்று இழைகள், ஒவ்வொன்றும் பிரிட்டிஷ் கேஜ் கணக்கில் 20 எண் கம்பி என்று பொருள். 1884-ல் பிரிட்டனில் சட்டப்பூர்வமான அந்த கேஜில் ஒரு விசித்திரம் உண்டு: எண் கூடினால் கம்பி மெலியும். வளையும் ஒயருக்கு இன்னும் மெல்லிய இழைகள், 36 எண் கம்பி 14 இழை, 23 இழை, 40 இழை என்று கட்டினார்கள். இழை எத்தனை என்று எண்ணினால் போதும், ஒயரின் திறன் தெரிந்துவிடும். நம் நாடு 1956-ல் மெட்ரிக் அளவைக்குச் சட்டம் போட்டது. பிறகு ஒயரும் ‘ஸ்கொயர்’ கணக்குக்கு வந்தது. அந்த 23 இழை ஒயர்தான் ஏறத்தாழ இன்றைய முக்கால் ஸ்கொயர்.

இன்றைய பட்டியல் இதுதான். பிரிட்டிஷ் அட்டவணைப்படி வளையும் ஒயரில் அரை ஸ்கொயருக்கு 3 ஆம்பியர், முக்காலுக்கு 6, ஒன்றுக்கு 10, ஒன்றரைக்கு 16. நம் ஊர் உற்பத்தியாளர்கள் தரும் எண்கள் சிறிய அளவுகளில் ஓர் ஆம்பியர் கூடவும், பெரிய அளவுகளில் சற்றுக் குறையவும் இருக்கும். இரண்டரை ஸ்கொயருக்கு 20-ஐ ஒட்டி வைத்துக்கொண்டால் பாதுகாப்பு. இன்னொன்று: பிரிட்டிஷ் அட்டவணை அறை வெப்பம் 30 டிகிரி என்று வைத்துப் போட்டது. நம் ஊர் மே மாதத்துக்கு அது பொருந்துமா? 40 டிகிரியில் பி.வி.சி. ஒயரின் திறனை 0.87-ஆல் பெருக்கிக் குறைத்துக்கொள்ள வேண்டும். 6 ஆம்பியர் 5.2 ஆகிவிடும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் இன்னும் ஒயர்கள் கருகுகின்றன? இதற்குப் பதில் பிளக்கில் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டு உருண்டைப் பின் பிளக், 1934-ல் வந்த பிரிட்டிஷ் தரத்தின் பிள்ளை. சிறியது 5 ஆம்பியர், பெரியது 15 ஆம்பியர். பிற்பாடு நம் தரத்தில் அவை 6, 16 என்று பெயர் மாறின. இந்த முறையில் சிறிய சாதனத்துக்குச் சிறிய சாக்கெட், அதற்குத் தனி வயரிங், தனி ஃபியூஸ். போரின் நடுவே பிரிட்டன், போருக்குப் பின் லட்சக்கணக்கில் வீடு கட்ட வேண்டியிருக்கும், செம்புக்கோ தட்டுப்பாடு, என்ன செய்யலாம் என்று ஒரு குழு அமைத்தது. குழுவில் இருந்த ஒரே பெண்மணி கரோலின் ஹாஸ்லெட். வீட்டு வேலையை மின்சாரத்தால் இலகுவாக்க வேண்டும் என்று பெண்களுக்காகச் சங்கம் நடத்தியவர். 1944-ல் குழுவின் அறிக்கை வந்தது. வீடு முழுக்க ஒரே வளையமாகக் கம்பி ஓடட்டும். அதற்கு ஒரே பெரிய 30 ஆம்பியர் ஃபியூஸ். எல்லா சாக்கெட்டும் ஒரே மாதிரி.

செம்பு மிச்சம். ஆனால் ஒரு சிக்கல். ஒரு மேசை விளக்கின் 3 ஆம்பியர் ஒயரை 30 ஆம்பியர் ஃபியூஸா காப்பாற்றும்? ஒயர் எரிந்து முடியும் வரை அந்த ஃபியூஸ் அசையாது. அதனால் ஒவ்வொரு பிளக்குக்குள்ளேயும் ஒரு சின்ன ஃபியூஸை வைத்தார்கள். 1947-ல் வந்த சதுரப் பின் பிளக் அதுதான். சிங்கப்பூர், மலேசியாவில் உங்கள் உறவினர் வீட்டில் பார்த்திருப்பீர்கள். அந்த ஃபியூஸ் டி.வி.யைக் காப்பாற்ற அல்ல, மிக்ஸியைக் காப்பாற்ற அல்ல. பிளக்கிலிருந்து சாதனம் வரை போகும் ஒயரைக் காப்பாற்ற. 1882 விதி சொன்னதை, தடித்த கம்பி மெலியும் இடத்தில் ஃபியூஸ் என்பதை, அப்படியே பிளக்குக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

அதே 1947-ல் நாம் தனி நாடானோம். பழைய உருண்டைப் பின்னோடு இருந்துவிட்டோம். அதில் தவறொன்றும் இல்லை. அந்த முறைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஆனால் அதன் ஒழுங்கை நாமே குலைத்துவிட்டோம். எந்தப் பின்னையும் ஏற்கும் ‘யுனிவர்சல்’ சாக்கெட் கொண்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கடைக்குக் கடை தொங்குகிறது. ஒரு முனையில் 16 ஆம்பியர் பிளக்கையும் வாங்கிக்கொள்ளும். மறுமுனையில் 6 ஆம்பியர் பிளக்காக முடியும். நடுவே முக்கால் ஸ்கொயர் ஒயர், சில சமயம் அரை ஸ்கொயர். இலங்கையும் நம்மைப் போல் உருண்டைப் பின் பழக்கத்தில் இருந்த நாடுதான். சில ஆண்டுகளுக்கு முன் 13 ஆம்பியர் சதுரப் பின்னையே தேசியத் தரமாக்கி, நீண்ட கால அவகாசத்தோடு மாறத் தொடங்கிவிட்டது. இங்கே அப்படி மாறும் பேச்சு காதில் விழவில்லை.

இப்போது உங்கள் வீட்டு வாசலருகே உள்ள டி.பி. பாக்ஸைத் திறந்து பாருங்கள். வரிசையாக எம்.சி.பி.கள், நாம் டிரிப்பர் என்று சொல்பவை. மேலே சி10, சி16, சி20 என்று இருக்கும். அந்த எண், சுவருக்குள் ஓடும் ஒயருக்காகப் பொறியாளர் போட்ட கணக்கு. 16 ஆம்பியர் எம்.சி.பி., 16 ஆம்பியர் வரை வாய் திறக்காது. அதற்குச் சற்று மேலே போனாலும் உடனே விழாது. முன்னே சொன்ன அயர்ன் பாக்ஸும் கெட்டிலும் இழுக்கும் 10.9 ஆம்பியர் அதன் பார்வையில் சாதாரண விஷயம். முக்கால் ஸ்கொயர் ஒயர் மெல்ல வெந்துகொண்டிருக்கும், எம்.சி.பி. நிம்மதியாக இருக்கும். இரண்டு கம்பிகளும் ஒட்டி ஷார்ட் ஆனால்தான் அது விழும். அப்போது உறை ஏற்கெனவே போயிருக்கும். ‘டிரிப்பர் இருக்கிறதே சார்’ என்ற வாதம் இங்கே செல்லாது. ஒயரைக் காப்பாற்றும் அந்தச் சின்ன ஃபியூஸ் நம் பிளக்கில் இல்லை. அந்த வேலை, ஒயரைத் தேர்ந்தெடுக்கும் உங்களிடம் வந்துவிடுகிறது.

சாதனத்தோடு சேர்ந்து வரும் ஒயரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அது அந்த ஒரு சாதனத்துக்கென்று தயாரிப்பாளர் போட்டது. அதில் வேறு எதையும் நீங்கள் சேர்க்க முடியாது. எக்ஸ்டென்ஷன் ஒயர்தான் சத்திரம் மாதிரி. யார் வருவார்கள் என்று அதற்குத் தெரியாது. அதனால் அதில் சொருகும் சாதனங்களின் வாட்டைக் கூட்டி, 230-ஆல் வகுத்துப் பாருங்கள். டி.வி., செட்டாப் பாக்ஸ், மோடம், போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்தாலும் 2 ஆம்பியர் எட்டாது. முக்கால் ஸ்கொயர் தாராளம். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட், 8.7 ஆம்பியர், அதற்கு முக்கால் போதாது. கீஸர், ஏ.சி., மைக்ரோவேவ் ஆகியவற்றை நேராகச் சுவரில் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட்டில் சொருகுங்கள். வேறு வழியே இல்லை என்றால் ஒன்றரை ஸ்கொயருக்குக் குறையாத, மூன்று கம்பி ஒயர், 16 ஆம்பியர் பிளக்கோடு.

சுருட்டி வைத்த ஒயர் தனி ரகம். அட்டவணை எண்கள் எல்லாம் காற்றில் விரிந்து கிடக்கும் ஒயருக்குத்தான். பிரிட்டனில் விற்கும் ஒயர் ரீல்களில் விரித்தால் 13 ஆம்பியர், சுருட்டியபடியே என்றால் 5 ஆம்பியர் என்ற மாதிரி இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். நாம் மிச்ச ஒயரை அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு சோபாவுக்குப் பின்னால் செருகிவிடுகிறோம். தரைவிரிப்புக்கு அடியில் ஓட்டுவதும் அதே ரகம்தான். சூடு போக வழியில்லை, மிதிபட்டு நைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

கடைசியாக நம் கீழ்த்தளப் பார்க்கிங். பால்கனியிலிருந்து ஒயரை இறக்கி ஸ்கூட்டர் சார்ஜ் போடும் வழக்கம் பல குடியிருப்புகளில் வந்துவிட்டது. ஸ்கூட்டர் சார்ஜர் இழுப்பது 3, 4 ஆம்பியர்தானே என்று கேட்பீர்கள். அயர்ன் பாக்ஸ் அதைவிட அதிகம் இழுக்கும். ஆனால் சூடு ஏறியதும் தானே அணைந்து அணைந்து எரியும், அரை மணியில் வேலை முடிந்துவிடும். சார்ஜர் நான்கைந்து மணி நேரம் இடைவிடாமல், பெரும்பாலும் எல்லோரும் தூங்கும் நேரத்தில் ஓடும். நடுவில் இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு ஒன்று இருந்தால் முதலில் சூடாவது அதுதான். தளர்ந்த பிளக் பின்னும் அப்படியே. மேலே மழை வேறு. கார் சார்ஜர் என்றால் பேச்சே வேண்டாம், 3.3 கிலோவாட் என்பது 14 ஆம்பியருக்கு மேல், இரவு முழுக்க. அதற்கு எந்த எக்ஸ்டென்ஷன் ஒயரும் சரிப்படாது. உங்கள் மீட்டரிலிருந்து தனி லைன் இழுத்து, தனி எம்.சி.பி.யும் எர்த் லீக்கேஜ் பாதுகாப்பும் போட்டு, பார்க்கிங் இடத்திலேயே பாயின்ட் வைப்பதுதான் வழி. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் முன் சங்க அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்; ஷாஃப்டில் ஒயர் போகும் வழியைச் சேர்ந்தே முடிவு செய்யலாம்.

எதுவும் அச்சிடாத ஒயர் என்று தொடக்கத்தில் சொன்னேனே. வீட்டு ஒயர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை சட்டப்படி கட்டாயம். இந்திய ஒயரில் ஐ.எஸ். 694 என்ற தர எண்ணைத் தேடுங்கள். முத்திரையும் அளவும் இல்லாத மலிவு ஒயரில் இரண்டு மோசடிகள் நடக்கும். உறை தடிமனாக, உள்ளே செம்பு சன்னமாக இருப்பது ஒன்று. மற்றது, செம்பு பூசிய அலுமினியம். அலுமினியம் செம்பைப் போல ஐந்தில் மூன்று பங்குதான் கரண்ட் கடத்தும். அதே அளவு ஒயர் அதைவிட அதிகம் சூடாகும். சோதிக்க வேண்டுமானால், எதிலும் இணைக்காத ஒயரின் நுனியில் ஓர் இழையை எடுத்துக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். வெளியே வெள்ளையாக இருந்து, சுரண்டினால் உள்ளே சிவந்தால் பயப்பட வேண்டாம். அது அந்த ரப்பர் காலத்து வழக்கப்படி வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு. ஒயரைக் கையில் தூக்கிப் பார்த்தாலும் தெரியும். செம்பு, அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. வாங்கும்போது பில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சுரண்டிப் பார்த்த பின் கடைக்காரரிடம் பேசுவதற்கு அது உதவும்.